உறையாத கடல்பாசி

திங்கட்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் சீந்தில் கொடி ஆய்வை விட்டுவிடு என்று நசீமாவிடம் பேராசிரியை ஜெபா கறாராகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, தலைப்பை மாற்றும் படிவத்தில் தன் கையெழுத்தையும் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார். மாற்றினால் எம்.ஃபில். இன்னொரு வருஷம் இழுக்கும். அதைவிட, கூடலூர் வேலிகளில் கையைக் கிழித்துக்கொண்டு அவளே அறுத்து வந்த கொடி உதவாக்கரை என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த ரோஷம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

சீந்தில் தண்டுக்குள் பாலிசாக்கரைடு இருக்கிறது. சர்க்கரையை மணி மணியாகக் கோத்த நீளச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்டிலிருந்து பிரித்தெடுத்து ஊதாக் கரைசலில் விட்டால், ஆன்டி ஆக்சிடன்ட் சக்தி இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். மூன்று மாதமாக நசீமாவின் குழாய்களில் ஊதா ஊதாவாகவே உட்கார்ந்திருந்தது.

அவளும் வஞ்சகமில்லாமல்தான் உழைத்தாள். நறுக்கிய தண்டு கறுக்காமலிருக்க, வீட்டில் பழகிய கையோடு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கஷாயம் வைப்பதுபோல எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சினாள். சங்கிலி தனியே திரள அதில் ஸ்பிரிட்டை ஊற்றினால் பேருக்குக் கொஞ்சம் தூள் படியும், அவ்வளவுதான்.

அது 2008 ரமலான். வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க, ஆறினால் கட்டியாக உறையும் கடல்பாசி காய்ச்சினாள். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றிவிட்டு, அடுப்பை மறந்து ஆய்வு நோட்டில் மூழ்கிவிட்டாள். தட்டில் ஊற்றியது அந்தி மக்ரிப் தொழுகை வரைக்கும் உறையவே இல்லை.

அண்ணன் அஷ்ரப் தட்டைச் சாய்த்துப் பார்த்தான். "ஏத்தா, இத வெட்டித் திங்கவா, டம்ளர்ல ஊத்திக் குடிக்கவா?"

நசீமா தட்டையே பார்த்தாள். பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது. கடல்பாசியும் அதே மாதிரிச் சங்கிலிதானே? புளிப்போடு போட்டுக் கொதிக்க வைத்தால் அறுந்துதானே போகும்? மூன்று மாதமாகத் தன் சங்கிலியைத் தானே துண்டு துண்டாக்கியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

சனிக்கிழமை எலுமிச்சையைத் தொடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் ஆவி பறக்கும் சூட்டிலேயே நிறுத்தி, வடிகட்டி, ஆறவிட்டு, ஸ்பிரிட் ஊற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் உள்ளே சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நின்றது.

திங்கட்கிழமை அதைக் கரைத்து ஊதாவில் விட்டதும் குழாய்கள் வரிசையாக வெளுத்தன. கடைசிக் குழாய் நல்ல மஞ்சள்.

"மறுபடி செய்யி" என்றார் ஜெபா. செய்தாள். மஞ்சள். மூன்றாம் தடவையும் மஞ்சள்தான்.

"எப்படிம்மா பிடிச்ச?"

"வீட்ல கடல்பாசியக் கெடுத்துட்டேன் மேடம். அண்ணே கேலி பண்ணுனாக."

ஜெபா வாய்விட்டுச் சிரித்தார். தலைப்பு மாற்றும் அந்தப் படிவத்தை எடுத்து நான்காக மடித்து, மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். மேசை அசையாமல் நின்றது. நசீமா அதன்மேல் நோட்டை விரித்து ஆய்வு முடிவின் முதல் எண்ணை எழுதினாள்.