ஏழாம் நம்பர் அண்டா

தாண்டவராயனுக்குக் கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பங்குப் பேச்சு வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கூடப் பிறந்தவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? நிலம் நீச்சு ஒன்றும் கிடையாது. செஞ்சிக் கடைத்தெருவில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடைதான் சொத்து. அண்டா, குண்டான், தவலை, ஜமக்காளம், நாலு பெட்ரோமாக்ஸ் லைட்டு. அவலூர்பேட்டை வரைக்கும் பாதிக் கல்யாணச் சோறு தாண்டவராயன் அண்டாவில்தான் வெந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூத்தவன் துரைராஜ் அதே தெருவில் ஜவுளிக்கடைக்காரன். கடைசிப் பையன் கனகராஜ் திண்டிவனம் கோர்ட்டில் குமாஸ்தா. நடுவில் பிறந்தவள் கண்ணம்மாள். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். வந்து பதினெட்டு வருஷம். அப்பா கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மற்ற வேலையெல்லாம் அவள் தலையில்.

"உள்ளூர் ஆள வெச்சு வெலை போட்டா சண்டதான் வரும்," என்றான் கனகராஜ். "ஒருத்தன் அண்ணனுக்குச் சம்பந்தி முறை, இன்னொருத்தன் அக்காவுக்குப் பாத்திரம் வித்தவன். கோர்ட்டு கேசுக்கெல்லாம் சாமான் மதிப்புப் போடறவரு, ராமகிருஷ்ணன்னு பேரு. அவர இட்டுனு வரேன்."

"அவரு கூலிய நாங்க ரெண்டு பேரும் குடுத்துடறோம்," என்றான் துரைராஜ் பெருந்தன்மையாக.

"என் பங்குக் கூலிய நான் குடுப்பேன்," என்றாள் கண்ணம்மாள். "அவரு எனக்கும் ஆளா இருக்கணும் இல்ல?"

ராமகிருஷ்ணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொக்கியில் மாட்டி நிறுக்கும் தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தார்; கடைத் தராசைத் தொடவில்லை. கொடுத்த காபியைக் குடித்தார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். கண்ணம்மாளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

பித்தளைப் பாத்திரம் வாங்கினால் அன்றைக்கே அடியில் எடையை வெட்டி வைப்பது வழக்கம். இந்தக் கடையில் 'தா' என்ற எழுத்து, நம்பர், வீசைக் கணக்கில் எடை என்று வரிசையாக இருக்கும். துரைராஜ் அதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் கூட்டி வைத்திருந்தான். ராமகிருஷ்ணன் அந்தத் தாளை ஓரமாக வைத்தார்.

"இது வாங்கின அன்னிக்கு எடை. இன்னிக்கு எடைய தராசு சொல்லட்டும்," என்றார்.

தராசு சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. வீசையைக் கிலோவாக்கிப் பார்த்தால் பதினோரு பெரிய அண்டாவிலும் எடை குறைந்தது. ஒன்றில் அரைக் கிலோ, இன்னொன்றில் முக்கால். மொத்தம் ஏழு கிலோ.

துரைராஜ் கடை வாசலுக்கே வந்து நின்றுகொண்டான். துணி விற்றுப் பழகிய குரல்; தெருக்கோடி வரைக்கும் போகும்.

"ஏழு கிலோ பித்தளை! கனமான அண்டாவ வித்துட்டு, லேசானத வாங்கி வெச்சிருக்கா. ரெண்டணா குடுத்தா பேர் வெட்டறவன் எந்த எடையும் வெட்டித் தருவான். சொந்த வூட்லயே திருடியிருக்கா!"

எதிர்க்கடையில் பேச்சு நின்றது. வெற்றிலைக் கடை வீராசாமி எழுந்தே நின்றுவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கண்ணம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழு கிலோவைப் பங்கில் கழித்துக்கொண்டால் போகிறது. ஆனால் திருடி என்று பேர் வாங்கினவள் கடைக்கு எவன் கல்யாணப் பாத்திரம் கேட்டு வருவான்? பத்து உருப்படி போய்ப் பத்தும் திரும்பி வருவது நம்பிக்கையில்தானே? பங்கு கிடைத்தும் பிழைப்புப் போய்விடும்.

ராமகிருஷ்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அண்டாக்களின் நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய அண்டா எல்லாம் ஒரே நாள்ல வாங்கினதாம்மா?"

"ஆமாங்க. நான் வந்த வருசம் ஒரே வியாபாரிகிட்ட பன்னெண்டு வாங்கினோம்."

"ஏழாம் நம்பரக் காணோமே?"

"அது பரண்மேல கெடக்குதுங்க. அத யாரும் எடுக்க மாட்டாங்க."

ஏழாம் நம்பர் முதன்முதலாகப் போன கல்யாணத்தில், உலை வைப்பதற்கு முன்பே மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான். ஓடியவன் அவன், பழி அண்டாவுக்கு. ராசியில்லாத அண்டா என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பொங்கலுக்குக்கூட அதை யாரும் கீழே இறக்கியதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். ராமகிருஷ்ணன் ஒட்டடையைத் துடைத்துத் தராசில் மாட்டினார். அடியில் பத்து வீசை என்று வெட்டியிருந்தது. கிலோவில் பதினாலு. முள் சரியாகப் பதினாலில் போய் நின்றது.

"பரண்மேல இருந்தது கொறையல," என்றார் அவர். "சோறு ஆக்கினதெல்லாம் கொறஞ்சிருக்குது. பன்னெண்டுலயும் வெட்டின எழுத்து ஒரே கை, எதையும் மாத்தல. புளியும் செங்கப்பொடியும் போட்டுப் பதினெட்டு வருசம் தேச்சா பித்தளை தேயாதா? அந்த ஏழு கிலோ சாக்கடையில போயிருக்குது. யாரு தேச்சது?"

"அக்காதான்," என்றான் கனகராஜ். "ஆள் வெக்க நைனா ஒத்துக்கல."

மறுநாள் மூன்று பங்கும் எழுதியாயிற்று. தேய்ந்த அண்டா பதினொன்றையும் தன் பங்கில் போடச் சொன்னாள் கண்ணம்மாள். எடை குறைந்ததால் விலையும் குறைவு; பதினொன்றும் ஒரே பங்கில் அடங்கின. அண்டா கைக்கு வந்தால் கடை கைக்கு வந்த மாதிரிதான். அது அவளுக்குத் தெரியும். ஜமக்காளமும் லைட்டும் எடுத்துக்கொண்ட துரைராஜுக்கு அது அப்போது புரியவில்லை.

ராமகிருஷ்ணன் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஒண்ணு வுட்டுப்போச்சுங்க."

"இன்னாம்மா?"

"அண்ணன் நேத்து சொன்ன வார்த்தை. அதுக்கு இன்னா வெலை?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு மதிப்புப் போட எனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும். எங்க நின்னு சொன்னாரோ, அங்கயே நின்னு இல்லன்னு சொல்லட்டும்."

"தப்புதாம்மா, ஒத்துக்கறேன்," என்றான் துரைராஜ். "வூட்டுக்குள்ளயே முடிச்சிக்கலாமே."

"நீ வூட்டுக்குள்ளயா சொன்ன?"

துரைராஜ் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனான். ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல, அண்ணா," என்றாள் கண்ணம்மாள் உள்ளிருந்து.

"என் தங்கச்சி திருடல!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கத்தினான் துரைராஜ். "நான்தான் தெரியாம பேசிட்டேன்! அவ ஒரு குண்டுமணி எடுக்கல!"

கண்ணம்மாள் பேனாவை வாங்கி, மூன்று இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் அழுதாள்.