வெள்ளிக்கிழமை சொல்றேன்

"வெள்ளிக்கிழமை சொல்றேன்மா. அதுக்கு முன்னாடி போன் போட்டு என்னைய நெருக்காதீங்க" என்று வீட்டுக்காரர் ஜெயமுருகன் சொல்லிவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. புவனா சரிங்கண்ணே என்று போனை வைத்தாள். வைத்த பிறகுதான், வெள்ளிக்கிழமை வரைக்கும் பொழுதை எப்படித் தள்ளுவது என்று மலைப்பாக இருந்தது.

ஜெயமுருகனுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. பக்கத்துக் கடை விலைக்கு வந்திருந்தது. தைப்பூசக் கூட்டம் வருவதற்குள் அதையும் வாங்கித் தன் கடையோடு சேர்த்துவிட நினைத்தார். அதற்காகத்தான் கொடைக்கானலில் பள்ளங்கிப் பாதையில் இருந்த தன் வீட்டை விற்கக் கிளம்பினார். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து புவனாவும் அவள் கணவன் ராஜேஷ்குமாரும் அந்த வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார்கள். மகள் மணிமேகலை தவழ்ந்ததும் நடந்ததும் அங்கேதான். ராஜேஷ்குமாருக்கு டூரிஸ்ட் வேன். புவனா முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தாள். யூனிஃபார்ம் அக்கா வீடு என்றால் ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். வேறு எங்கே போய் உட்கார்ந்தாலும் எல்லாம் முதலிலிருந்து. அதற்கும் ஒரு வீடு கிடைக்க வேண்டுமே. காலியாகிற வீடெல்லாம் இப்போது ஹோம்ஸ்டே ஆகிவிடுகிறது.

அதனால் பேங்க்கில் லோன் பேசி, இருந்த நகையையும் கணக்கில் வைத்து, தங்களால் முடிந்த விலையைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கேட்டது அவர்கள் மட்டுமல்ல. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் கூடுதலாகக் கேட்டிருந்தது. திண்டுக்கல்லில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் அதற்கும் மேலே போயிருந்தார். மூன்றில் குறைந்த விலை புவனா வீட்டு விலைதான். புரோக்கர் நாச்சிமுத்து அதை ஒளிக்காமலே அவளிடம் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூர்க் குடும்பம் வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கதவைத் திறந்து காட்ட வேண்டியது வீட்டில் இருக்கிற புவனாதான்.

"பின்னாடி சுவத்தைப் பத்திச் சொல்லிரு" என்றான் ராஜேஷ்குமார், வேன் சாவியை எடுத்துக்கொண்டே.

வீட்டுக்குப் பின்னால், மேட்டு மண் சரியாமல் இருக்க ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல்சுவர் இருந்தது. அதற்கு மேலே காளியாயியின் பூண்டுக் காடு. நாலைந்து மழையாகச் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஐப்பசி பிறந்தால் கல் இடுக்கெல்லாம் தண்ணீர் கசியும். அதற்குப் பயந்து மழைக்காலத்தில் பின்னறையில் யாரையும் படுக்க விடாமல், துணி மூட்டைகளை மட்டும் அங்கே போட்டு வைத்திருந்தாள்.

"கேட்டாச் சொல்றேன். நானாப் போயி சொல்ல மாட்டேன்" என்றாள் புவனா. "வீட்டைக் கெடுத்துச் சொல்லி வாங்கிட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாதுங்க."

"ஊறுறது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா நம்ம வாயில இருந்து வந்தா பொய்யாத்தான் தெரியும்."

அவன் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கார் வந்து நின்றது. அவளைவிடச் சின்னவளாக ஒரு பெண், பெயர் ஸ்வேதா. அவள் கணவன் போனில் பேசிக்கொண்டே வாசலில் நின்றுவிட்டான். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஷூவோடு வீட்டுக்குள் ஓடியது. நாச்சிமுத்து குடையை மடக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"தண்ணி எப்படிங்கக்கா? கோடைல வருமுங்களா?" என்று ஸ்வேதா கேட்டாள்.

"வருசம் பூராவும் வரும். சித்திரையிலகூட நின்னதில்ல." என்றாள் புவனா. நல்லதைச் சொல்லச் சொல்ல வீடு கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அடுக்களையில் வெயில் எந்நேரம் விழும், குளிருக்கு எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம் சொன்னாள். ஸ்வேதா ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து பார்த்தாள். அவளுக்கு வீடு பிடித்துப் போனது முகத்திலேயே தெரிந்தது. பிடித்துப் போனவளை வெறுக்கவும் முடியவில்லை.

குழந்தை பின்னறைக்குள் போய்த் துணி மூட்டையின் மேல் ஏறிக் குதித்தது.

"ஹப்பா, இவளே ரூம் எடுத்துட்டா" என்று ஸ்வேதா சிரித்தாள். "இது உன் ரூம்டா கண்ணு. இந்த ஜன்னலோரமா உன் கட்டில் போட்டுக்கலாம்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அந்தச் சுவர் நின்றது.

புவனா நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையை இந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க" என்றாள். அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். நிறுத்த முடியவில்லை. "மழை புடிச்சா அந்தச் சுவரு ஊறும். நடுவுல தள்ளிக்கிட்டு நிக்குது பாருங்க. எடுத்துக் கட்டாம இந்த ரூமைப் பொழங்க முடியாது. நாங்க பொழங்குறதில்ல."

ஸ்வேதா குழந்தையை மூட்டையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் இந்த வீட்டைக் கேட்டிருக்கீங்கன்னு சொன்னாங்களேக்கா."

"ஆமா. கேட்டிருக்கோம்."

ஸ்வேதா சுவரைப் பார்த்தாள், புவனாவைப் பார்த்தாள். கார் கிளம்பியதும் நாச்சிமுத்து மட்டும் வாசலில் நின்று, "நல்ல சோலி பாத்தீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெயமுருகனே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுவரு ஊறுறது எனக்குத் தெரியாதுன்னா சொன்னேன்? போன மழையிலயே நீங்க போட்டோ புடிச்சு அனுப்புனீங்க. நாந்தான் பாக்கலாம்னு விட்டுட்டேன். அது நம்ம ரெண்டு பேருக்குள்ள. வாங்க வந்தவங்ககிட்ட, நீங்களும் வெலை கேட்டுட்டு நிக்கையில, என் வீட்டுக்குள்ள நின்னே சொல்றது என்ன நியாயம்? இனி உங்களுக்குக் குடுத்தா, வந்தவங்கள வெரட்டிவிட்டு வாங்குன மாதிரி ஆகாதா?"

"அந்தப் பிள்ளைய அந்த ரூம்ல படுக்க வைக்கப் போறேன்னாங்கண்ணே."

அந்தப் பக்கம் அவர் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு, "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

"நீங்கதான் சொல்லச் சொன்னீங்க" என்று அவள் ராஜேஷ்குமாரிடம் சொன்னாள். அவன் வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

செவ்வாயும் புதனும் விடாமல் பெய்தது. வீட்டுக்குள் முன்னறை ஜன்னல் திண்டில்தான் சிக்னல் கிடைக்கும். போனை அங்கே வைத்துவிட்டு, மிஷினை அதன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலர் தைத்தால் கோணிக்கொண்டு போனது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு எட்டி எடுத்தாள். எல்லாம் ஸ்வெட்டர் கேட்டும் பாவாடை அளவு சொல்லியும் வந்த போன்கள்தான்.

வியாழக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஜெயமுருகன் வந்து நின்றார். பழனியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மஃப்ளர் முழுக்க நனைந்திருந்தது. வேலை இல்லாமல் ராஜேஷ்குமாரும் வீட்டில்தான் இருந்தான். வாங்கண்ணே என்றதற்குத் தலையை அசைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்தார். கல்லிடுக்கிலிருந்து வந்த தண்ணீர் அவர் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் ஓடியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

மேலே பூண்டு ஊன்றிக்கொண்டிருந்த காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"ஜெயமுருகண்ணே, லாட்ஜ்காரருக்கா குடுக்கப் போறீங்க? ஜேசிபி வந்து கீழ தோண்டுச்சுன்னா நான் காட்டோட சேந்து உங்க மடியிலதான் வந்து விழுவேன், பாத்துக்கங்க."

"நீ உன் சோலியப் பாரு காளியாயி" என்றார் அவர். ஆனால் மேலே இருந்த காட்டையும் கீழே இருந்த சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

உள்ளே வந்து டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். "கோயம்புத்தூர்க்காரங்க நேத்து கூப்புட்டாங்க. ஓடிருவாங்கன்னு நெனச்சேன். ஓடல. அந்தப் பொண்ணு சொல்லுது, பொய் சொல்றவங்களா இருந்தா தண்ணி வராது, கூரை ஒழுகும்னு நாலும் சேத்துச் சொல்லிருப்பாங்க, அந்த அக்கா நல்லதையும் சொன்னாங்க கெட்டதையும் சொன்னாங்க, அதனால வேற எதுவும் மறைஞ்சு கெடக்காதுன்னு நம்பி வாங்குறோம்னு. நாளைக்கு அட்வான்சோட கடைக்கே வர்றாங்களாம்."

புவனா சுவரோடு சாய்ந்து நின்றாள். தன் வாயாலேயே அவர்கள் கையில் வீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"உங்க வெலையில ஏதாச்சும் ஏத்த முடியுமா?" என்றார் ஜெயமுருகன்.

ராஜேஷ்குமார் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "முடியாதுங்கண்ணே. இப்ப ஏத்துறேன்னு சொல்லிட்டு அப்புறம் உங்க முன்னால வந்து கையைப் பிசைய முடியாது. சுவத்தை எடுத்துக் கட்டணும்னு தெரிஞ்சுதான் இந்த வெலையச் சொன்னோம். இதுதான் எங்களால ஆனது."

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். மழை கொஞ்சம் குறைந்ததும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

"நான் ஏத்தியிருப்பேன்" என்றான் ராஜேஷ்குமார்.

"எதை வித்து? வேனையா?"

அவன் எழுந்து போய் வேனைத் துடைத்தான். மழையில் நிற்கிற வேனை எதற்குத் துடைக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. சவாரி கிடைத்து ராஜேஷ்குமார் வெள்ளனே பூம்பாறைக்குக் கிளம்பிவிட்டான். மணிமேகலையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு மேல் நாச்சிமுத்து கூப்பிட்டார்.

"உங்க காதுல போட்டு வைக்கிறேம்மா. முடிஞ்ச மாதிரிதான். கோயம்புத்தூர்க்காரங்க பழனிக்கு வந்துட்டாங்க. கடையில உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க. பேத்துப்பாறைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு இருக்கு. வேணும்னா வெரசாச் சொல்லுங்க, போயிரும்."

"சரிங்க" என்றாள். மிஷினிலிருந்து எழுந்தாள். அலமாரியைத் திறந்து, எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று பார்த்தாள். பாத்திரங்களை இறக்கித் தரையில் பரப்பினாள். பாதியில் அது எதற்கென்று தெரியாமல் அவற்றுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் விடுவதற்குச் சற்று முன்னால் போன் அடித்தது. ஜெயமுருகன்.

"அட்வான்ஸ் வாங்க உக்காந்தோம்மா" என்று ஆரம்பித்தார். களைத்த குரல். "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு சுவத்துக்குன்னு ஒரு தொகையைக் கழிச்சாரு. நியாயந்தான், சரின்னேன். அடுத்தாப்ல கூரைத் தகரம் பழசுன்னு கழிச்சாரு. அதுக்கப்புறம் பாதை குறுகல், வண்டி திரும்பாதுன்னாரு. பாத்தா, நீங்க சொன்ன வெலைக்குக் கீழ வந்து நிக்கிறாரு. அந்தப் பொண்ணு, வேண்டாங்க விடுங்கன்னு அவரு கையைப் புடிக்குது. அவரு கேக்கல. நான் பணத்தை எடுத்து அவரு பக்கமே நகட்டி வச்சுட்டேன்."

புவனா ஜன்னல் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"லாட்ஜ்காரருக்குக் குடுக்குறதுக்கில்ல. நேத்து அந்தச் சுவத்துல கையை வச்சதுக்கு அப்புறம் மனசு வரல. நீங்க ஒருத்தர்தான் சுவத்தைத் தெரிஞ்சு வெலை சொன்னவங்க. போன வாரம் சொன்னதுலயே நேத்தும் நின்னீங்க. இனியும் குறைக்க மாட்டீங்க."

"குறைக்க மாட்டோம்ணே."

"உங்களுக்கே குடுத்துர்றேன். ஆனா ஒண்ணு, நல்ல மனசு பண்ணிக் குடுக்குறேன்னு நெனச்சுக்காதீங்க. திங்கக்கிழமை நீங்க பண்ணதுல எனக்குக் கோவம் இன்னும் கெடக்கு."

"இருக்கட்டும்ணே" என்றாள்.

"மழை விட்டதும் சுவத்துல கை வச்சிருங்க. பத்திரம் ஆகட்டும்னு இழுத்துக்கிட்டு இருக்காதீங்க."

"பழனிமுத்து மேஸ்திரிகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கோம்ணே."

"சொல்லி வச்சாச்சா?" என்று கேட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பழனிக்கு வாங்க என்று வைத்துவிட்டார்.

புவனா தரையில் பரப்பிக் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள். அதற்கு முன்னால் வந்தது மூட்டையின் மேல் குதித்த அந்தக் குழந்தையின் நினைப்புதான். கடையில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்வேதா இந்நேரம் காரில் என்ன பேசிக்கொண்டு போவாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் ராஜேஷ்குமாருக்குப் போன் போட்டாள். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தான். வண்டிக்குள் பாட்டுச் சத்தமும் சனங்களின் பேச்சும் கேட்டன.

"சொல்லுங்க" என்றான், யாரோ என்று நினைத்துக்கொண்டு.

"ஏங்க, நமக்குத்தான். நமக்கே குடுத்துட்டாரு."

அவன், "சரிங்க" என்றான். மறுபடியும், "சரிங்க, சரிங்க" என்றான், சவாரிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில். போனை வைக்க மறந்துவிட்டான் போலிருந்தது. பாட்டு நின்றது.

"ஒரு நிமிசம் வண்டிய ஓரம் கட்டிக்கிறேங்க" என்று அவன் சொல்வது கேட்டது.

"என்னாச்சு டிரைவர், வண்டியில ரிப்பேரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"இல்லங்க" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றான்.