உரக்கப் பேசிய கை

அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்காகவே சைகை மொழி கற்றுக்கொண்டவர். கல்யாணமான புதிதில், "என் பெண்டாட்டி வாயாடி இல்லப்பா, கையாடி" என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

வலது மணிக்கட்டில் வலி வந்து ஒன்றரை வருடமாகிறது. முதலில் பார்த்த டாக்டர் பட்டை ஒன்றை மாட்டிவிட்டு, கையை அசைக்காமல் ஓய்வு கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஓய்வு. அவளுக்கு வாய்ப்பூட்டு. ஐந்து மாதம் இடது கையால் அரைகுறையாகப் பேசினாள். பட்டையைக் கழற்றியபோது வலி அப்படியே இருந்தது, கைதான் சூம்பிப்போயிருந்தது.

பிறகுதான் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போனார்கள். சிகிச்சை கொடுக்கும் பெண் மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"எப்போ வலி அதிகமா இருக்குன்னு கேளுங்க, சார்."

அவர் கேட்டார். மனைவி இரண்டு நிமிடம் கைகளால் பேசினாள்.

"இஸ்திரி போடும்போது வலிக்குதாம்" என்றார் அவர்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அவங்க அவ்வளவு நேரம் பேசினாங்க. நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்களே?"

"மத்ததெல்லாம் வீட்டு விஷயம்மா."

"வலி எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும். அவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லுங்க."

மனைவி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவர் தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தார்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம்தான் வலி கூடுது. வீட்ல நான் பேசினா இவர் பார்க்கறதில்ல. கண்ணை டிவியில வச்சுக்கறார். அதனால கையைப் பெருசா வீசி வீசிப் பேசறேன். காது கேக்கறவங்க கத்துவீங்களே, அந்த மாதிரி. ரெண்டு வருஷமாக் கத்திக்கிட்டிருக்கேன்."

அவள் முகவாயை ஒரு விரலால் தொட்டாள். மகளைக் குறிக்க அந்த வீட்டில் இருந்த சைகை அது.  மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"பொண்ணு இவர் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அவளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னுதான் கத்தறேன்."

சிகிச்சை கொடுப்பவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி நீட்டச் சொன்னாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை. சற்று ஓய்வு. மறுபடி.

"வலி பத்துக்கு மூணு வரைக்கும் போகலாம். மறுநாளும் குறையலேன்னா எண்ணிக்கையைக் குறைங்க. பேசறதை நிறுத்தாதீங்க. கையை நெஞ்சுக்கிட்ட வச்சுச் சின்னதாப் பேசுங்க." பிறகு அவரைப் பார்த்தாள். "சின்னதாப் பேசினா, கிட்ட உக்காந்து பார்க்க ஆள் வேணும், சார்."

அன்றிலிருந்து வீட்டில் தினமும் அவர் எதிரே உட்கார்ந்தார். பாட்டில் இறங்க இறங்க, அவள் அவசரப்படாமலிருக்க விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஓய்வு நேரத்தில் அவள் சலவைக்கூடத்துக் கதைகள் சொன்னாள். மூன்றாம் வாரம் முகவாயைத் தொட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையை வீசவில்லை, காத்திருந்தாள். பிறகு அவர் நிமிர்ந்தார்.

'போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?' என்று கையால் கேட்டார்.

'கேட்டா. நீங்கதான் பாதியில எழுந்து போனீங்க.'

 மறுநாளும் அவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

ஒன்பதாம் வாரம், வேலைக்குப் போன கட்டடத்தின் படிக்கட்டில் நின்று மகளுக்கு ஃபோன் செய்தார். மணிக்கட்டு வலியைப் பற்றி மனைவி முன்பே அவளுக்கு எழுதித் தெரிவித்திருந்தாள்.

"அம்மா கை எப்படி இருக்கு?" என்றாள் மகள்.

"தேவலை. ரெண்டு பேரும் ஒரு நாள் வாங்க."

மகள் உடனே வரவில்லை. இரண்டு ஞாயிறு தள்ளித்தான் கணவனோடு வந்தாள். மெக்கானிக் மாப்பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்குமேல் அன்று அவரால் முடியவில்லை. தாயும் மகளும் சமையலறையில் மாலைவரை பேசினார்கள். அன்றிரவு மணிக்கட்டு வலி பத்துக்கு எத்தனை என்று அவர் கேட்டபோது, அவள் நான்கு விரல் காட்டினாள். நாளைக்குப் பாட்டில் பயிற்சியில் ஐந்து தடவை குறைத்துக்கொள்ளலாம் என்றார்.