மிதிக்குழியில் நல்ல பாம்பு

ஐயம்பேட்டை நெசவாளி கண்ணாயிரம் தறியை விட்டு எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தறிக்கு அடியிலிருந்த மிதிக்குழிக்குள். அதே குழியின் மூலையில் நல்ல பாம்பு ஒன்று படமெடுத்து நின்றது.

தகவல் கேட்டு இளவரசி வந்து சேர்ந்தபோது வாசலில் பத்துப் பேர் தடியோடு நின்றார்கள். அவள் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரி. பாம்பைப் பிடித்துச் சில தடவை விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுப்பார்கள்; பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

"யாரும் உள்ள வராதீங்கப்பா" என்றவள் தறியோரம் குப்புறப் படுத்தாள். "அண்ணா, காலை மட்டும் ஆட்டாதீங்க."

"மரத்துப் போச்சும்மா. தானா உதறுது."

கணுக்காலுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இளவரசி பாம்பு பிடிக்கும் கம்பியை அங்குலம் அங்குலமாக இடையில் நுழைத்தாள். வெளியே யாரோ ஒருவன் தடியைக் கீழே போட்டான். பாம்பு சீறிக் கொத்தியது. கொத்து கம்பியில் விழுந்தது. அது பின்வாங்குவதற்குள் வாலைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். கண்ணாயிரம் காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார்.

வாசல் வெளிச்சத்தில் பாம்பின் வயிற்றைப் பார்த்தாள். சங்கத்து வெட்டு.

"இன்னாம்மா பாக்குற? கீழ போடு, அடிச்சுடலாம்" என்றான் பக்கத்துவீட்டு ஜெயக்குமார்.

மறைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னாள்: "இது நாங்க வுட்ட பாம்புதான்."

"அப்போ நீங்கதான் கொண்டாந்து வுடுறீங்களா?" தடிகள் உயர்ந்தன. இளவரசி பாம்பைத் துணிப்பைக்குள் இறக்கிப் பையின் வாயைக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஊருக்குள்ள வுடலண்ணா, காட்டுலதான் வுட்டோம். அங்க புதரெல்லாம் ஜேசிபி வெச்சு வாரிட்டாங்க. அது எங்க போவும்?"

தடிகள் இறங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கண்ணாயிரம் அவள் முகத்தையே பார்த்தார். "வழி வுடுங்கடா. உள்ள வந்து படுத்தது அவ ஒருத்திதான்" என்றவர், அவளிடம் திரும்பினார். "இன்னொரு தபா இங்க வந்துச்சுனா நானே அடிச்சுடுவேன். சொல்லிட்டேன்."

"சரிண்ணா."

அடையாளம் உள்ள பாம்பிடம் மறுபடி விஷம் எடுப்பதில்லை. அதனால் அன்றைக்கு அவளுக்கு வருமானம் எதுவும் இல்லை. நடந்ததைச் சங்கத்தில் ஒளிக்காமல் சொன்னாள். விட்ட இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்காதது நம் தப்புதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் ஆறு பேர் வனக்காவலரோடு மலையடிவாரம் முழுக்க நடந்து, புற்றும் எலிவளையும் வற்றாத சுனையும் உள்ள ஒரு பாறைச்சரிவைக் கண்டுபிடித்தார்கள். இளவரசிதான் பையை அவிழ்த்தாள்.