இருபத்தெட்டு நாள் பணக்காரர்

மருதையனின் வங்கிக் கணக்கில் பன்னிரண்டு லட்சத்து எண்பத்து மூவாயிரம் ரூபாய் இருந்தது. சட்டைப் பையில் நாற்பது ரூபாய் இருந்தது. அவர் டீக்கடைப் பக்கம் தலைகாட்டி ஐந்து நாள் ஆகிவிட்டது.

அன்றைக்கும் வயலிலிருந்து நேரே வராமல், வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏங்க, சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி வர்றீங்க?" என்றாள் ராசம்மாள்.

"முன்னால ஃபிளெக்ஸ் கட்டிக்கிட்டிருக்கானுவ. பாத்தா பத்திரிகையை நீட்டுவானுவ."

"வாங்கிக்கிட்டு ஒரு ஐந்நூறு எழுதிட்டு வாங்க."

"ஐந்நூறா? விருந்து வைக்கிறவன் நமக்கு எட்டாயிரம் எழுதியிருக்கான்டி."

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் மொய் விருந்துதான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு முறை வரும். பந்தல் போட்டுக் கறிச்சோறு ஆக்கி ஊரை அழைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். வாங்கியவர், கொடுத்தவர்கள் விருந்து வைக்கும்போது அந்தத் தொகைக்கு மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. திருப்பி எழுதாதவனுக்கு ஊரில் முகம் கிடையாது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் மருதையனின் முறை. முறை வந்த நேரம் நல்ல நேரம் என்றுதான் அவர் நினைத்தார். மகள் கயல்விழி உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். மேற்படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியாயிற்று. விமான டிக்கெட்டுக்கும் விசாக் கட்டணத்துக்கும் ராசம்மாளின் நகை அடகுக்குப் போயாயிற்று. அங்கே வாடகை கொடுத்துச் சாப்பிட்டு இருக்கக் கையில் பணம் உண்டு என்று விசாக்காரர்களுக்குக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம். மொய் விருந்தில் செலவு போக அதற்கு மேலேயே வந்தது. மறுநாளே, ஜூலை இருபத்தொன்றாம் தேதி, முழுப் பணத்தையும் வங்கியில் போட்டார்.

அன்று சாயங்காலம் தஞ்சாவூரில், விசா வேலை பார்த்துத் தரும் ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். பரிதி என்ற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். படபடவென்று பேசினாள்.

"அங்கிள், நல்லாக் கேட்டுக்குங்க. இன்னையிலேருந்து இருபத்தெட்டு நாள் இந்தப் பணம் அப்படியே இருக்கணும். ஒரே ஒரு நாள் பன்னெண்டு அறுபதுக்குக் கீழ எறங்குச்சுன்னாலும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். அதுக்குள்ள அங்க கிளாஸ் ஆரம்பிச்சுடும்."

"மேல ஒரு இருபத்து மூவாயிரம் இருக்கேம்மா. அதை எடுத்துக்கலாமா?"

"பவுண்டு வெலை ஏறிடுச்சுன்னா? அதையும் தொடாதீங்க. ஏடிஎம் கார்டை ஆன்ட்டிகிட்ட குடுத்துடுங்க."

ஆன்ட்டி கார்டை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். அன்றிலிருந்து மருதையன் ஊரறிந்த பணக்காரர். கைமாற்றுக்கு யாரிடமும் வாய் திறக்க முடியாது. திறந்தால், "பன்னெண்டு லட்சத்தை வச்சுக்கிட்டு என்கிட்டயா கேக்குறே?" என்று சிரித்தார்கள். உரக்கடையில் யூரியாவுக்கு ஒரு வாரம் தவணை கேட்டதற்கு, கடைக்காரர் எழுந்து கும்பிடே போட்டார். சின்னச் சின்ன மொய்களுக்கு ராசம்மாள் ஆட்டுக்குட்டி இரண்டை விற்றாள். மற்றவர்களிடம், "பாப்பா விசா வரட்டும், வீடு தேடி வந்து எழுதுறோம்" என்று கெஞ்சினாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் தெருமுனை போவதற்குள் சிரித்தார்கள்.

பதினான்காம் நாள் பரிதி போன் செய்தாள்.

"அங்கிள், மொத்தமா ஒரே நாள்ல விழுந்திருக்குல்ல, எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாலும் கேப்பாங்க. ஒரு லட்சத்துக்கு மேல யாராவது குடுத்திருந்தா, அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிடுங்க. அன்பளிப்பாக் குடுத்தேன், திரும்ப வேண்டாம்னு. நான் அனுப்புறேன், கையெழுத்து மட்டும் போதும்."

"திரும்பக் குடுக்க வேண்டிய பணமாச்சேம்மா அது."

"ஐயோ, அதை வெளிய சொல்லிடாதீங்க! திரும்பக் குடுக்கணும்னா அது கடன் அங்கிள். கடனைச் சேமிப்புன்னு காட்ட முடியாது."

"கடன் இல்லம்மா, மொய்."

"அதை இங்கிலீஷ்ல நான் எப்படி எழுதுறது?"

மருதையன் மொய் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு லட்சத்துக்கு மேல் எழுதியவர் ஒரே ஒருவர்தான். முருகையன். ராசம்மாளின் பெரியப்பா மகன். தென்னந்தோப்பும் இரண்டு லாரியும் உள்ளவர். இரண்டு லட்சம் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை கடிதத்தோடு தோப்புக்குப் போனார் மருதையன். முருகையன் தேங்காய் எண்ணுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாப்ள, ஆளையே காணும்? பணம் வந்ததும் பாதை மறந்துபோச்சா?"

"அதெல்லாம் இல்ல மச்சான். ஒரு கையெழுத்து வேணும்."

முருகையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'மேற்படி இரண்டு லட்சம் ரூபாயை என் தங்கை குடும்பத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். இதைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை.' இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்ப வேணாம்னு எப்ப சொல்லுவாங்க தெரியுமா மாப்ள? உறவை அறுத்து விடும்போது."

"சும்மா வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டத்தான் மச்சான். நமக்குள்ள என்ன இருக்கு?"

"நமக்குள்ள ரெண்டு லட்சம் இருக்கு." முருகையன் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வையி. வர்ற மருமகன் இந்தக் காயிதத்தைக் காட்டி, நீங்கதானே வேணாம்னு எழுதினீங்கன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"கயலு அப்படி விடுமா மச்சான்?"

"பாப்பா தங்கம். அதுக்காக நான் பொய்யில கையெழுத்துப் போடணுமா?" சற்று யோசித்துவிட்டு, மருதையனின் தோளில் கைவைத்தார். "ஒண்ணு செய்வோம். ஆகஸ்ட் பதினஞ்சு என் விருந்து. வந்து மொய்யை எழுது. எழுதின கையோட அதே மேசையில உக்காந்து கையெழுத்துப் போடுறேன். அப்ப அது பொய்யும் இல்ல பாரு. எனக்கு வரவேண்டியது வந்துடுச்சு, திரும்ப வேணாம்னு தாராளமா எழுதலாம்."

மருதையன் விரல் விட்டு எண்ணினார். ஆகஸ்ட் பதினைந்து, இருபத்தாறாம் நாள்.

"மூணு நாள் தள்ளி வைக்கக் கூடாதா மச்சான்?"

"ஆட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ரெண்டாயிரம் பத்திரிகை போயிடுச்சு. லீவு நாள் பாத்துத்தானே வச்சிருக்கேன்?"

"பதினெட்டாந்தேதி காலையில நானே கொண்டாந்து..."

"பந்தலைப் பிரிச்சப்பறம் குடுக்கிறதுக்குப் பேரு மொய்யா மாப்ள?"

திரும்பி வரும் வழியில் மருதையன் இதையே போட்டு உருட்டினார். மொய்யை எழுதினால்தான் கடிதம். கடிதம் இருந்தால்தான் விசா. மொய்யை எழுதப் பணத்தை எடுத்தால் இருபத்தெட்டு நாள் உடையும். உடைந்தால் விசா இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

வீட்டில் கயல்விழி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கடிதம் இல்லாமலே அப்ளிகேஷனை அனுப்பிடலாமாப்பா?"

பரிதியிடம் கேட்டார்கள். "அனுப்பலாம். கேக்கலைன்னா லக்கு. கேட்டு ரிஜெக்ட் ஆச்சுன்னா, அடுத்து எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணினாலும் அதைச் சொல்லியாகணும். அங்கிள்தான் முடிவு பண்ணணும்" என்றாள்.

"நான் அடுத்த வருஷம் போறேன்ப்பா" என்றாள் கயல்விழி.

"கட்டின பணம்?"

"அதுல பாதி திரும்ப வராது."

ராசம்மாள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள்.

ஒரு வாரத்தில் மருதையன் ஏழு பேரிடம் கேட்டார். ஏழு பேருமே ஒரே பதிலைத்தான் வேறு வேறு சிரிப்போடு சொன்னார்கள். எட்டாவதாக இளவழகனிடம் போனார். அறுவடை மெஷின் இரண்டு வைத்திருப்பவன், முப்பத்தைந்து வயது, பேச்சில் மரியாதை குறையாது.

"வாங்கண்ணே. வட்டிக்கெல்லாம் நான் குடுக்கிறதில்ல. நெலம் இருந்தா ஒத்திக்கு எடுத்துக்கிறேன். பணத்தைத் திருப்பிற வரைக்கும் வெள்ளாமை என்னது."

"ஆறு மா இருக்கு." இரண்டு ஏக்கர். மருதையனிடம் இருந்ததே அவ்வளவுதான். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு அண்டை வெட்டியே காலம் தள்ளியவர். மருதையன் கேரளாவுக்குப் போய்ச் சித்தாள் வேலை பார்த்து வாங்கிய நிலம் அது.

"மூணு வருஷம் ஒத்தி. நிக்கிற குறுவையோட சேத்து ரெண்டே கால் லட்சம்."

"பயிரை நான் அறுத்துக்கிறேனே தம்பி."

"அப்ப ஒண்ணே முக்கால்ண்ணே."

இரண்டு லட்சத்துக்கு மேலே இருபத்தைந்தாயிரம் போட்டால்தான் முருகையனுக்கு எழுத முடியும். மருதையன் தலையை ஆட்டினார். விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்காகக் கயல்விழி சென்னைக்குப் போயிருந்த நாளில் பத்திரம் எழுதினார்கள். "பாப்பா காதுக்குப் போகக் கூடாது" என்று ராசம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் சத்தியம் செய்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து. முருகையனின் பந்தலில் ஊருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு நோட்டு எண்ணும் மெஷின். கறிக்குழம்பு வாசனை ரோடு வரைக்கும் வந்தது. மருதையன் சாப்பிடாமலே மேசைக்குப் போனார். கட்டுகளை எடுத்து வைத்தார்.

"மருதையன், ரெண்டு லட்சத்து இருபத்தஞ்சாயிரம்!" என்று ஒலிபெருக்கி சொன்னது. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முருகையன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். சொன்ன சொல் தவறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைவிரல் எண்ணெயைத் துண்டில் துடைத்துவிட்டு, கடிதத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு நாள்னு அழுதியே மாப்ள. எடுத்தா என்ன, குடியா முழுகிப்போச்சு?"

"எடுக்கலை மச்சான்."

"பின்ன ஏது?"

மருதையன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்குள் முருகையன் அடுத்த விருந்தாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒலிபெருக்கி சொன்னது ஊர் முழுக்க எட்டியிருந்தது. அன்று சாயங்காலமே வாசலில் மொய் வரவேண்டியவர்கள் மூன்று பேர். "முருகையனுக்கு மட்டும் இருபத்தெட்டு நாள் கணக்குக் கிடையாதாண்ணே?" என்றான் ஒருவன். "பெரிய மனுஷனுக்குப் பெரிய கட்டு, எங்களுக்குக் கும்பிடு" என்றான் இன்னொருவன். "விசா வரட்டும்" என்ற ராசம்மாளின் பேச்சை இந்தத் தடவை யாரும் காதில் வாங்கவில்லை. மருதையன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளும் கழிந்தன. பதினெட்டாம் தேதி காலையில் வங்கியில் முத்திரை குத்திய அறிக்கை வாங்கினார்கள். இருபத்தெட்டு நாளும் ஒரே தொகை. பரிதி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். செப்டம்பர் பத்தாம் தேதி விசா வந்தது.

பதிமூன்றாம் தேதி ராத்திரி தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ரயில். அன்று காலை கயல்விழி பெட்டியில் மிளகாய்த்தூள் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான்.

"பாப்பா, பம்ப்செட்டு சாவி குடுங்க. இளவழகன் அண்ணன் வாங்கியாரச் சொன்னாரு. மெஷின் வயல்ல எறங்குது."

"எங்க வயல்ல அவருக்கு என்னங்க வேலை?"

"ஒத்திக்கு எடுத்திருக்காருல்ல, மூணு வருஷம்?" அவன் ராசம்மாளைப் பார்த்தான், கயல்விழியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

கயல்விழி செருப்புக்கூடப் போடாமல் வயலுக்கு ஓடினாள். வரப்பில் மருதையன் நின்றிருந்தார். மெஷின் மூலைக்கதிரைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

"என்கிட்ட சொல்லலையேப்பா!"

"சொன்னா நீ போயிருப்பியா?"

"இப்பயும் போகலை. அந்தப் பன்னெண்டு லட்சத்தை எடுத்து முதல்ல இதை மீட்டுடலாம்."

"அது நீ அங்க இருக்கிறதுக்கு ஊரு குடுத்த பணம். நீ போகலைன்னா நாளைக்குக் காலையில முன்னூறு பேரு வாசல்ல நிப்பான்." மெஷின் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது. "போயி வேலையைத் தேடிக்கிட்டு வருஷா வருஷம் அனுப்பினாத்தான் ரெண்டு பக்கமும் அடையும். இனிமே திரும்ப முடியாது பாப்பா. எனக்கும் முடியாது, உனக்கும் முடியாது."

கயல்விழி மெஷினையே பார்த்தாள். அது வரப்போரம் திரும்பி அடுத்த வரிசையைப் பிடித்தது.

"ஒத்தி மூணு வருஷம். மொய் அஞ்சு வருஷம். எனக்கு விசா பதினாறு மாசம்தான்ப்பா."

"தெரியும்" என்றார் மருதையன். "தஞ்சாவூர் பஸ்ஸு நாலு மணிக்கு. போயி தலைக்குக் குளி."