ஸ்ரீரங்கனின் வாசிப்பனுபவம்

ஸ்ரீரங்கன் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது அந்தப் புத்தகத்துக்கு நல்ல காலமா, கெட்ட காலமா என்று சொல்ல முடியாது. பாதி தாண்டுவதற்குள்ளேயே அதைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுவார். 'வாசிப்பனுபவம்' என்று தலைப்புக் கொடுத்து, கட்டைவிரல் வலிக்கும்வரை தள்ளினாலும் முடியாத நீளத்துக்குக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவார். பெங்களூர் அத்திம்பேர் அடுத்த நொடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிடுவார். ஒரு நொடியில் அதைப் படித்திருக்க முடியாது என்பது ஸ்ரீரங்கனுக்கும் தெரியும். இருந்தாலும் அதைப் பார்த்தபின் காலைக் காப்பி இன்னும் கொஞ்சம் ருசிக்கும். என்ன செய்வது, மனுஷ ஜன்மம்.

மற்றபடி நல்லவர். தேனாம்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம், யாரிடமும் வம்பு கிடையாது. ஒரே குறை, வாய். ஆபீஸ் லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டவர்கள் ஒரு மாடி முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவதுண்டு. அதையும் அவர் கவனித்திருக்கிறார். அவர்களுக்கு உடம்பைப் பற்றிய அக்கறை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பெற்ற பெண் விஷயத்தில் அப்படி ஏதாவது வைத்துக்கொள்ள முடியவில்லை. ஹம்சினிக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. சின்னவளாக இருந்தபோது படித்த கதையை எல்லாம் ஓடி வந்து மடியில் ஏறிச் சொல்வாள். "அப்பா, இந்தக் கதைல ஒரு யானை" என்று அவள் தொடங்கினால், இலக்கியத்தில் யானை எதற்கெல்லாம் குறியீடு என்று ஸ்ரீரங்கன் முடிப்பார். அவளுடைய யானை என்ன செய்தது என்பது கடைசிவரை வெளியே வராது. பிறகு மெல்ல மெல்ல யானைகள் வருவது நின்றது. இப்போதெல்லாம் "ம்", "சரி", "சாப்டாச்சு" என்ற மூன்றோடு சரி. ஒருநாள் சமையலறையில் அவள் அம்மாவிடம், "அப்பாகிட்ட எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு விமர்சனம் வரும்மா" என்று சொன்னது ஹாலில் இருந்தவர் காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தைப் பற்றியும் அவருக்குச் சில கருத்துகள் இருந்தன. ஆனால் மனசு சரியில்லாததால் சொல்லவில்லை.

அதனால்தான், வாசகர் வட்டத்தில் அவளே தன் பெயரோடு அவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள் என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. லஸ் பக்கம் ஒரு மாடி ஹாலில், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை அஃப்சருன்னிசா மாதாமாதம் நடத்தும் கூட்டம் அது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவர், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை. மேடை ஏறும்வரை அதைப் பற்றி இருவரும் தங்களுக்குள் மூச்சு விடக் கூடாது. பெரியவர் முதலில் பேச வேண்டும். பெண் தன்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள் என்று ஸ்ரீரங்கனுக்குப் பட்டது. இந்த ஒரு தடவை சரியாக நடந்துவிட்டால் பழையபடி பேசுவாள் என்று நம்பினார். கபாலிக்கு ஒரு அர்ச்சனைகூட நேர்ந்துகொண்டார்.

"என் காப்பியவே எடுத்துக்கோப்பா, நான் முடிச்சுட்டேன்" என்றாள் ஹம்சினி.

வாங்கிக்கொண்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் தன் பிரதியில், தன் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பவன்தான் வாசகன் என்பது ஸ்ரீரங்கனின் கொள்கை. அதுவும் பழைய புத்தகம்தான் அழகு என்பது உபகொள்கை. பழைய புத்தகம் விற்கும் நடைபாதைக் கடை துரைராஜிடம் போய், அவள் தேர்ந்தெடுத்த நாவலைத் தேடி எடுத்தார். முதுகில் பழுப்பு நிற டேப், உள்ளே நல்ல பழைய வாசனை.

"நல்லா பொரட்டிப் பாத்து எட்துக்க சார்" என்றார் துரைராஜ். "அப்பால வந்து கொற சொல்லாத."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்க நான் என்ன கத்திரிக்காயா வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார் ஸ்ரீரங்கன்.

நாவல் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத அப்பாவும் மகளும். மகள் வெளியூருக்குப் படிக்கப் போய் வருஷக்கணக்கில் வராமல் இருந்துவிடுகிறாள். ஒருநாள் வருகிறேன் என்று தகவல் வருகிறது. அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் போய் நிற்கிறார். அவளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறார். வண்டி வந்து நிற்கிறது. ஒரு பெட்டியின் கதவு திறக்கிறது. முற்றுப்புள்ளி. அடுத்தது பின்னட்டை.

ஸ்ரீரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதற்கு அடுத்து வந்ததுதான் வழக்கமான வியாதி.

"அவ எறங்கினாளா, இல்லையா?" என்று கேட்டாள் கதை கேட்ட மனைவி சுப்புலக்ஷ்மி.

"அதான் கலை. வாசகனுக்கே விட்டுட்டார்."

"இவ்ளோ பெரிய புஸ்தகத்துல அதைக்கூடச் சொல்லலைன்னா எப்படி?"

கணக்கு டீச்சரிடம் கலையைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் என்று அவர் அவளை மன்னித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஹால் நிறைந்திருந்தது. ஸ்ரீரங்கன் இஸ்திரி போட்ட ஜிப்பாவில் மேடை ஏறினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக முடிவுக்குப் போனார். கதவு திறக்கும் இடத்தில் பேனாவை மூடி வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். சொல்லாமல் விட்டதுதான் இந்த நாவலின் உயிர் என்றார். மௌனத்தின் மேன்மையைப் பற்றித் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினார். "இதற்குமேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் நான் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில்தான் கத்தும்.

முன்வரிசையில் இருந்த வட்டத்து உறுப்பினர் கரீமுல்லா, அதே நாவலின் தன் பிரதியில் கடைசிப் பக்கங்களைத் திறந்து பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். நல்ல மேற்கோளாகத் தேடுகிறார் என்று ஸ்ரீரங்கன் எண்ணிக்கொண்டார். அஃப்சருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெகிழ்ந்துவிட்டார் பாவம் என்று அவருக்காகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

கைதட்டல் அரைமனசாக வந்தது. அடுத்து ஹம்சினி மைக்கைப் பிடித்தாள். கையில் அவளுடைய பிரதி இருந்தது. அது தன் பிரதியைவிடச் சற்றுத் தடியாக இருப்பதை ஸ்ரீரங்கன் அப்போதுதான் பார்த்தார்.

"நான் கடைசி சாப்டரைப் பத்தி மட்டும் பேசப் போறேன்" என்றாள். "வண்டி நின்னதுக்கு அப்புறம் வர பதினாறு பக்கம்."

ஸ்ரீரங்கன் மடியில் இருந்த தன் பிரதியின் முதுகில் டேப்பைத் தடவிப் பார்த்தார். பதினாறு பக்கம், அச்சுக்காரர்கள் ஒரே தாளில் அடித்து மடிக்கும் ஒரு முழுப் பாரம். எந்தக் காலத்திலோ பிய்ந்து போயிருக்கிறது, யாரோ டேப் ஒட்டி அட்டையைச் சேர்த்திருக்கிறார்கள். அரைக்கிணறு தாண்டினவன்கூட விழும்போதாவது தெரிந்துகொள்வான். இவர் கிணற்றுக்குள் இருந்துகொண்டு தாண்டிய அழகைப் பற்றி உபந்நியாசம் செய்திருக்கிறார். தூக்கிப் போட்டிருப்பேன் என்று வேறு சொல்லித் தொலைத்தாயிற்று. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அவரோடு சேர்த்துப் பூமிக்குள் போய்விடக் கூடாதா என்றிருந்தது.

"அப்பா வண்டி நிக்கற எடத்தோட நிறுத்திண்டார்" என்று ஹம்சினி சபையைப் பார்த்துச் சொன்னாள். "இந்த சாப்டர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு தெரிஞ்சு, அதை எனக்கே விட்டுக் குடுத்துட்டார். அங்கயே முடிஞ்சிருந்தா எப்படி இருக்கும்னு பேசினார். முடியலைன்னா எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்."

ஹால் அப்பாடா என்று மூச்சு விட்டது. சிரித்தார்கள், இந்த முறை கை நன்றாகவே தட்டினார்கள். கரீமுல்லா திரும்பி ஸ்ரீரங்கனுக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தார். இதுவரை பெற்ற பாராட்டுகளிலேயே தனக்குத் துளியும் சொந்தமில்லாத பாராட்டு இதுதான் என்று ஸ்ரீரங்கனுக்குத் தெரிந்தது. மற்றவற்றில் எவ்வளவு சொந்தம் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

ஹம்சினி மளமளவென்று பேசினாள். மகள் இறங்குகிறாள். அப்பா பையை வாங்கிக்கொள்கிறார். தயார் செய்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை அவள்தான் பேசுகிறாள், வருஷக்கணக்கில் சொல்லாததை எல்லாம். "பதினாறு பக்கத்துல அந்த அப்பா வாயே திறக்கலை" என்றாள். "அதுக்காகத்தான் இந்தப் புஸ்தகத்தை எடுத்தேன்."

தன் பெண் இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்பதே ஸ்ரீரங்கனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும், அவர் எங்கே விட்டார்.

கூட்டம் கலைந்து, அப்பாவும் பெண்ணும் மந்தைவெளி வீட்டுக்கு நடந்தார்கள். மாட வீதி முனையில் ஆட்டோக்களும் பூக்கூடைகளும் வழியை அடைத்திருந்தன. கூட்டத்தைத் தாண்டியதும் ஸ்ரீரங்கனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஹம்ஸி, நான் உனக்கு விட்டுக் குடுக்கவெல்லாம் இல்லம்மா. என் காப்பில அந்தப் பக்கமே இல்ல. கதை அவ்ளோதான்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நேத்து சாயங்காலம் உன் மேஜைல பாத்தேன். புஸ்தகம் ஒல்லியா இருந்தது, பிரிச்சுப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் உன் ரூமுக்கு வந்தேன். நீ கண்ணாடி முன்னாடி நின்னு பேசிண்டிருந்தே. என்னைப் பாத்தே. பாத்துண்டே பேசினே. நிறுத்தினா சொல்லலாம்னு கதவுகிட்டயே நின்னுண்டிருந்தேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ நிறுத்தவே இல்லப்பா. கால் வலிச்சுது, போயிட்டேன்."

ஸ்ரீரங்கன் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். அவள் கதவருகே நின்றது அவருக்கு நினைவு வந்தது. ரசிக்கிறாள் என்று எண்ணி அவளுக்காகவே இன்னொரு பத்தியைச் சேர்த்துப் பேசியதும் நினைவு வந்தது. வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. சொல்வதற்கு நிறைய வந்தது. மன்னிப்பு வந்தது, விளக்கம் வந்தது, தன்னைத்தானே கிண்டல் செய்யும் ஒரு நல்ல வாக்கியம்கூட வந்தது. பழக்கதோஷம், உதட்டுவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார்.

அடுத்த தெருவும் வந்தது. ஹம்சினி இரண்டு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தி. நகர் கோச்சிங் கிளாஸ்ல எனக்கு ஒண்ணுமே புரியலப்பா" என்றாள். "சேந்த நாள்லேர்ந்தே."

'நாங்கள் படித்த காலத்தில்' என்று ஆரம்பிக்கும் ஒன்று அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. அவருக்கு அது மனப்பாடம். விழுங்கினார். தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குகிற மாதிரி, கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது.

ஹம்சினி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை என்றதும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"இன்னும் இருக்குப்பா" என்றாள்.