கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்

அடுப்பில் பால் வைத்திருந்தாள். "பொங்கிடாம பாத்துக்குங்க. ஒரு குடைதான் பாக்கி, மூட்டிட்டு வந்துடறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் தாண்டி, பஸ்ஸில் போனால் அரை நாள் பிடிக்கிற ஊருக்குள் கால் வைத்தாள். அந்த வீட்டுக்கு வாசல் ஒரு ஊரிலும் கொல்லை இன்னொரு ஊரிலும் இருந்தது. வாசலில் நின்றால் சின்ன மீனவக் கிராமம். கறுத்த மணல், கவிழ்த்துப் போட்ட படகுகள், மத்தியானத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டாலும் காதில் விழுகிற அமைதி. கொல்லைப் படியில் நின்றால் உல்லாசக் கடற்கரை. லாரியில் கொண்டுவந்து கொட்டிய வெள்ளை மணல், வரிசை வரிசையாக வாடகைக் குடைகள், விடுதிகளின் மாடங்கள், ஒலிபெருக்கி, பந்து, பலூன், கூச்சல். நடுவில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. வாசலில் மழை பெய்தால் துணியைக் கொல்லையில் காயப்போட்டுக்கொள்ளலாம். அந்த வசதியைத் தவிர மற்றபடி எல்லா வீட்டையும் போலத்தான் அதுவும் ஒழுகியது, பூசணம் பிடித்தது.

அவர் வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஐஸ் தொழிற்சாலையில் இருந்தவர். ஊரில் ஐஸ்காரர் என்றால்தான் தெரியும். இயந்திரங்களின் இரைச்சல் வேலை முடிந்த பிறகும் கூடவே வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் காதுக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவளோ அத்தனை வருஷமும் தொழிற்சாலைக் குடியிருப்பின் ஒற்றை அறையில் அவருடைய ஷிப்டு முடியக் காத்திருந்தவள். தையல் மெஷினும் சுவரும்தான் துணை. "சுவரோட பேசிப் பேசி, கடைசியில சுவருக்கே என்னைப் பிடிக்காம போச்சு" என்பாள். ஓய்வு பெற்றதும் கடலோரமாகப் போய் இருப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். எந்தக் கடலோரம் என்பதில்தான் வந்தது வினை. இரண்டு ஊரையும் போய்ப் பார்த்தார்கள். கிராமத்தில் இறங்கின சாயங்காலமே அவர் காதிலிருந்த மோட்டார் நின்றது. கரையில் உட்கார்ந்து அழுதார். உல்லாசக் கடற்கரையில் அவள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேசி, தொண்டை கட்டிப்போய், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

ஒரு வருஷம் சண்டை போட்டார்கள். "அது செத்த ஊருங்க. அங்க போய் நான் யாரோட பேசறது, நண்டோடவா?" என்பாள். "நண்டு எவ்வளவோ மேல். திருப்பிக் கத்தாது" என்பார். கல்யாணமாகித் தூரத்தில் இருந்த மகள் போனில் இரண்டு பக்கத்து வழக்கையும் கேட்டுக் கேட்டு அலுத்து, "சின்னப் பிள்ளைங்களாப்பா நீங்க? ஒரு முடிவுக்கு வாங்க, இல்ல ஆளுக்கொரு ஊருக்குப் போங்க" என்றாள். முடிவுக்கு யாரும் வரவில்லை. கிராமத்தில் அந்த வீடு காலியாக இருந்தது, சாமான்களை ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். வண்டியிலிருந்து இறங்கும்போது அவள், "வாசல் உங்களுக்கு, கொல்லை எனக்கு" என்றாள். கோபத்தில் சொன்னது. வீட்டைப் பெருக்கி, குப்பையைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தால் வண்ண விளக்குகளும் பாட்டும் ஜனக்கூட்டமும் எதிரே நின்றன. "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். "அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்றார்.

வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் வீட்டின் பின்னால் மணல்மேடும் முட்புதரும்தான். கதவு வழியாகப் போனால் மட்டுமே அந்த ஊர். கிராமத்துக்காரர்கள் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு வேலையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் படகுக்காரர், "அண்ணி, உங்க பக்கம் தக்காளி மலிவாமே, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று பையைக் கொடுத்துவிடுவார். மின்சாரக் கணக்கு எடுக்க வந்த ஆள் வாசல் வழியாக வந்து ஞாபகமில்லாமல் கொல்லை வழியாக வெளியேறிவிட்டார். மறுநாள் பஸ் பிடித்து வந்து, வாசலில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் கதவு, குடை வாடகைக்கு விடுகிறவர்களின் கொட்டகைச் சுவரில் இருந்தது. கிழிந்த குடைகளை மூட்டிக் கொடுக்கும் வேலை அவளுக்கு அங்கேயே கிடைத்தது. காலையில் போவாள், விளக்கு வைக்கும் நேரத்தில் தலைமுடியெல்லாம் மணலும் வாயெல்லாம் கதையுமாக வருவாள். யார் யாரோடு ஓடிப்போனார்கள், எந்த விடுதியில் யார் கடன் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினார்கள் எல்லாம் சொல்வாள். அவர் காது கொடுத்துக் கேட்பார். அந்தக் காதுக்கு அப்போது கேட்பதற்கு இடம் இருந்தது. வருஷங்கள் இப்படியே போயின. அவர்கள் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்றால் அவைதான்.

ஒரு மழைக்காலத்தில் காற்றுக்குப் பயந்து அவளே கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். விடிந்து திறந்தால் முட்புதர். புதரில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவர் எத்தனை முறை திறந்தாலும் புதர்தான். அவள் பல நாள் மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் உப்புச் சப்பில்லாத ஒரு சண்டைக்குப் பிறகு ஆத்திரத்தோடு இழுத்தபோது கூட்டமும் பாட்டும் திரும்பி வந்தன. அந்தப் பக்கத்துக் கொட்டகைக் காவலாளி சொன்னாராம், "இத்தனை நாள் இங்க கதவே இல்லக்கா, வெறும் சுவருதான் இருந்துச்சு." அன்றிலிருந்து உடைந்த குடைக்கம்பு ஒன்றை நறுக்கிக் கதவடியில் முட்டுக் கொடுத்து வைத்தாள். "சாத்தினா பரவாயில்ல, தாழ்ப்பாள் மட்டும் போட்டுடாதீங்க. நான் அந்தப் பக்கம் இருந்தா என்னால திறக்க முடியாது. அந்தத் தாழ்ப்பாளையே கழட்டிடுங்களேன்" என்றாள். "நாளைக்குக் கழட்டறேன்" என்றார். திருப்புளி படகுக்காரர் வீட்டில் இருந்தது.

அவள் பயந்தது அவருக்கு அல்ல, அவருடைய கைக்கு. ஐஸ் தொழிற்சாலையின் குளிர் அறைக் கதவைத் திறந்த கையோடு மூடித் தாழ் போட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் மேற்பார்வையாளர் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டுவார். நாளடைவில் மனசைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்யக் கை கற்றுக்கொண்டது. திறந்த கதவின் பக்கமாக அவர் நடந்தால் கதவு மூடிக்கொள்ளும், தாழ் விழும். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வெளியே விட்டு மண்டபத்துக்குத் தாழ்ப்பாள் போட்ட மனிதர் அவர். "உங்களுக்குத்தான் ஓய்வு குடுத்தாங்க, உங்க கைக்கு இன்னும் குடுக்கல" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பாலை வைத்துவிட்டுப் போன அன்றைக்குக் கொல்லைப் பக்கமிருந்து காற்று வந்தது. அடுப்பின் தீ படுத்துப் படுத்து எழுந்தது. பால் பொங்கவும் மாட்டேன் என்கிறது, தீ அணைந்துவிடும் போலவும் இருக்கிறது. அவர் எழுந்து போனார். கால் முட்டுக்கட்டையைத் தள்ளியது, கை கதவைச் சாத்தியது, தாழ் விழுந்தது. தீ நிமிர்ந்தது. பாட்டும் கூச்சலும் நறுக்கென்று நின்று வீடு முழுக்க அமைதி இறங்கியது. என்ன சுகம் என்று நினைத்தார். பால் பொங்கி வரும்போது சரியாக இறக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி, ஊதி, ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குக் குனிந்தபோதுதான் காலடியில் குடைக்கம்புத் துண்டு கிடப்பதைப் பார்த்தார்.

திறந்தார். முட்புதர். மூடித் திறந்தார். முட்புதர். படகுக்காரர் ஓடி வந்து தானும் திறந்து பார்த்துவிட்டு, "பதறாதீங்கண்ணே, அண்ணி என்ன கடலுக்கு நடுவுலயா இருக்காங்க? பஸ்ல போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார். அவர் பஸ் ஏறினார். இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம் இருப்பதால் பஸ் உள்நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். போய் இறங்கிக் கொட்டகையைக் கண்டுபிடித்தபோது, மெஷினில் ஊசிக்கடியில் பாதி மூட்டிய குடைத்துணி இருந்தது. அவள் இல்லை. காவலாளி நடந்ததைச் சொன்னார். திரும்பிப் பார்த்தாளாம், சுவர். சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டிட்டாருய்யா மனுஷன்" என்று சிரித்தாளாம். அடுத்த பஸ்ஸில் போகலாமே அக்கா என்று காவலாளி சொல்ல, "அதுக்குள்ள அவரு கதவைத் திறந்து திறந்து பாத்தே பாதி செத்துடுவாரு. நான் கரையோரமாவே நடந்துடறேன், சுத்து இல்லாத வழி. பேச்சுத் துணைக்குத்தான் நண்டு இருக்கே" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாளாம்.

தண்ணீர் வடிந்திருந்தால் முகத்துவாரத்தில் முழங்கால் அளவுதான் இருக்கும். அப்போது ஏறிக்கொண்டிருந்தது. அவர் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்நாட்டுப் பனைகளைப் பார்த்துக்கொண்டு போன நேரத்தில் அவள் அதில் இறங்கியிருக்க வேண்டும். கிராமத்துப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. கடல் அவளைக் கிராமத்திலும் ஒதுக்கவில்லை, உல்லாசக் கடற்கரையிலும் ஒதுக்கவில்லை.

மகள் வந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, கொல்லைக் கதவின் முன்னால் போய் நின்றாள். அம்மாவின் மகளாயிற்றே, அவள் கைக்காவது திறக்கும் என்று ஊர் முழுக்கப் பின்னால் நின்று பார்த்தது. இழுத்தாள். முட்புதர். ஆடுகூட இல்லை. "அம்மா கை எனக்கு வரலப்பா" என்றாள். பிறகு, "என்னோட வந்துடுங்கப்பா" என்றாள். அவர் திருப்புளியை வாங்கிவந்து தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கதவை யாரும்மா பாத்துப்பாங்க?" என்று கேட்டார். மகள் தனியாகப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவின் உள்பக்கம், படியை ஒட்டி, இரண்டு கை அள்ளக்கூடிய அளவு வெள்ளை மணல் கிடந்தது. கதவைத் திறந்தால் புதர், புதரின் அடியில் கறுத்த மணல். அவர் பெருக்கி அள்ளினார். அதற்கடுத்த நாளும் கிடந்தது. தினமும் கிடந்தது. படகுக்காரர் முதலில் தொட யோசித்தார், அப்புறம் சலித்துப் பார்த்துவிட்டு, "நல்ல மணல்ணே, பூச்சுக்கு ஆகும்" என்று மூட்டை கட்டிக்கொண்டு போனார். கிராமத்தில் இரண்டு வீடுகளின் சுவர் அந்த மணலில் பூசியதுதான். சில வருஷங்களில் உல்லாசக் கடற்கரையைக் கடல் அரித்தது. கொட்டக் கொட்ட வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போனதால் லாரிகளை நிறுத்தினார்கள். விடுதிகள் பூட்டப்பட்டன, ஒலிபெருக்கிகள் வேறு கரைக்குப் போயின. காவலாளி வேலை போய் ஊருக்குத் திரும்பும் வழியில் அவளுடைய மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "அங்க இப்ப வெள்ளை மணலே கிடையாதுய்யா, வெறும் பாறைதான்" என்றார். அவர் அன்றைய மணலைக் காட்டினார். காவலாளி பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் காதில் அதன்பிறகு ஒரு நாளும் மோட்டார் ஓடவில்லை. ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்திருக்கிறது. வாசலில் உட்கார்ந்தால் அலை வருவதும் போவதும் கேட்கிறது, வேறு எதுவும் கேட்பதில்லை. மணல் மட்டும் தவறாமல் வருகிறது, மணலுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருவேறிய திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன. காலையில் பெருக்கி முடித்துக் கதவைக் கடக்கும்போது அவருடைய கை, யாரையும் கேட்காமல் எழுந்து, அங்கே இல்லாத தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிறது.